வலப்புறம் வளைந்தோடும் பந்து: ஸ்லைஸைச் சரிசெய்வது எப்படி?

கோல்ஃப் பழகத் தொடங்குகிறவர்களைப் பிடிக்கும் முதல் கோளாறு ஸ்லைஸ். வலக்கைக்காரர் அடித்த பந்து பறக்கும்போதே வலப்புறம் வளைந்து, ஃபேர்வேயை (புல்லை ஒட்ட வெட்டிய ஆடுபாதையை) தாண்டி, நீண்ட புல் வளர்ந்த ரஃபிலோ மரத்தடியிலோ எல்லைக்கு வெளியிலோ போய் விழும். ஏழாம் நம்பர் அயர்னில் (உலோகத் தலை மட்டையில்) ஓரளவு நேராக அடிப்பவருக்கும், நெடுந்தூரம் அடிக்கும் டிரைவரைக் கையிலெடுத்தால் வந்துவிடும். இதற்கு மைதானத்தில் அறிவுரைகள் தாராளமாகக் கிடைக்கும்: தலையை ஆட்டாதே, மெதுவாக அடி, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் பார்த்து நில். முதல் இரண்டும் ஸ்லைஸின் காரணத்தைத் தொடுவதே இல்லை. மூன்றாவது, ஸ்லைஸை வளர்த்துவிடும்.

சரிசெய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கிளப்பின் (மட்டையின்) முகம், அதாவது பந்தில் படும் பரப்பு. அதற்குப் பிறகுதான் கிளப் வரும் பாதை. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் பலர் வருடக்கணக்கில் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) பந்துகளைக் கொட்டி அடித்தும் அதே வளைவுடன் நிற்கிறார்கள். கீழே சொல்வதெல்லாம் வலக்கைக்காரருக்கு. இடக்கைக்காரர்கள் இடம், வலம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

பந்து ஏன் வளைகிறது

கிளப் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய 0.0005 வினாடி. அந்தக் கணத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். கிளப்பின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது? கிளப்பின் தலை எந்தப் பக்கமாக நகர்கிறது?

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முகமே முடிவு செய்கிறது. டிரைவரில் அதன் பங்கு சுமார் 85 சதவீதம், அயர்னில் சுமார் 75. கிளம்பிய பிறகு எந்தப் பக்கம் வளையும் என்பது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. பாதையைவிட முகம் வலப்புறம் திரும்பியிருந்தால் பந்தின் சுழல் அச்சு வலப்புறம் சாயும், பந்தும் அந்தப் பக்கம் வளையும். பந்து பாதையின் வழியே கிளம்பி, முகம் பார்க்கும் இடத்தில் போய் முடியும் என்பது பழைய பாடம். ரேடார் அளவீட்டுக் கருவிகள் வந்த பிறகு அது தவறு என்று தெளிவாகிவிட்டது. ஆனாலும் பலர் இன்னும் அதையே சொல்லித் தருகிறார்கள்.

முகம் "திறந்திருக்கிறது" என்பது இலக்கை வைத்துச் சொல்வதல்ல, பாதையை வைத்துச் சொல்வது. பாதை இலக்குக்கு 8 டிகிரி இடப்புறமும் முகம் 3 டிகிரி இடப்புறமும் இருந்தால், முகம் இலக்குக்கு இடப்பக்கம்தான் பார்க்கிறது. ஆனால் பாதையோடு ஒப்பிட்டால் 5 டிகிரி திறந்திருக்கிறது. பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளையும்.

இலக்கை விட்டு இடப்பக்கம் திரும்பி நிற்பது ஏன் உதவாது என்பதும் இதிலேயே விளங்கும். இடப்பக்கம் திரும்பி நின்றால் தோளும் அந்தப் பக்கம் திரும்பும், கிளப்பின் பாதை இன்னும் இடப்பக்கம் போகும். முகத்தை மட்டும் இலக்கை நோக்கியே வைத்திருப்பீர்கள். இரண்டுக்குமான இடைவெளி கூடும், வளைவும் கூடும். அடுத்த பந்துக்கு இன்னும் கொஞ்சம் திரும்பி நிற்கத் தோன்றும்.

டிரைவரில் மட்டும் இவ்வளவு மோசமாக வளைவதற்குக் காரணம் அதன் சாய்வு. டிரைவரின் முகச் சாய்வு 9 முதல் 12 டிகிரிதான். சாய்வு குறையக் குறைய, அதே 5 டிகிரி இடைவெளி சுழல் அச்சை அதிகமாகச் சாய்த்துவிடும். சாய்வு மிகுந்த குறுந்தூர மட்டையான வெட்ஜில் பின்சுழற்சி அதிகம் என்பதால் அதே தவறு மறைந்துகொள்கிறது. ஆகவே வெட்ஜ் நேராகப் போகிறது என்பதை வைத்து உங்கள் ஸ்விங் (மட்டை வீச்சு) சரியாக இருக்கிறது என்று முடிவுக்கு வராதீர்கள்.

உங்கள் ஸ்லைஸ் எந்த வகை

ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்க முடியாது. ரேஞ்சில் டிரைவரோ, அதைவிடச் சற்றுச் சிறிய ஐந்தாம் நம்பர் வுட்டோ எடுத்துப் பத்துப் பந்து அடியுங்கள். பந்து எங்கே விழுந்தது என்பதை விட்டுவிட்டு, எங்கே கிளம்பியது என்பதை மட்டும் கவனியுங்கள்.

இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், பாதை நன்றாகவே இடப்பக்கம் போகிறது. புதியவர்களிடம் அதிகம் காணப்படுவது இதுதான். நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், முகம் ஏறக்குறைய இலக்கைப் பார்க்கிறது, பாதை இடப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கமே கிளம்பி இன்னும் வலப்பக்கம் ஓடினால், முகம் அகலத் திறந்திருக்கிறது. இந்த மூன்றாவது வகையினருக்கு முதல் மூன்று படிகளே போதும் என்று சொல்லலாம்.

கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவை உங்களுக்குப் பின்னால், இலக்குக்கு எதிர்த்திசையில், உங்கள் கைகளின் உயரத்தில், கைகளுக்கு நேராக வைக்க வேண்டும். சற்று இடமோ வலமோ தள்ளி வைத்தால் பாதை பொய் சொல்லும். ஸ்லோ மோஷனில் எடுப்பது நல்லது. புல்லில் அயர்ன் அடிக்கிறீர்கள் என்றால் பெயர்ந்த புல்தடமும் ஒரு சாட்சி. அது இலக்குக்கு இடப்பக்கம் நீண்டிருந்தால் பாதை அந்தப் பக்கம்தான்.

படி 1: பிடியை மாற்றுங்கள்

ஸ்லைஸ் அடிப்பவர்களில் பலரின் இடக்கை, கிளப்பின் மேல் போதிய அளவு ஏறியிருக்காது. கட்டைவிரல் தண்டின் நடுவிலோ அதற்கு இடப்பக்கமோ இருக்கும். குனிந்து பார்த்தால் ஒரு விரல் முட்டிதான் தெரியும். இப்படிப் பிடித்தால், கைகள் இயல்பாகச் சுழன்று வரும்போது முகம் திறந்தே பந்தைச் சந்திக்கும்.

கிளப்பைத் தரையில் வைத்து, முகத்தின் அடிவிளிம்பு இலக்குக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும்படி முதலில் நிறுத்துங்கள். இது முடிந்த பிறகே கை வைக்க வேண்டும். பிடியை மாற்றியும் பலன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கையைத் திருப்பும்போது கிளப்பையும் சேர்த்துத் திருப்பிவிட்டால், எதையும் மாற்றாததற்குச் சமம்.

இப்போது இடக்கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். கை எந்தக் கோணத்தில் இயல்பாகத் தொங்குகிறதோ அதே கோணத்தில் கொண்டுவந்து பிடியுங்கள். கைப்பிடி உள்ளங்கையின் நடுவே ஓடக் கூடாது. ஆள்காட்டி விரலின் நடுக்கணுவிலிருந்து சுண்டுவிரலின் அடிவரை சாய்வாக, விரல்களில் அமர வேண்டும். உள்ளங்கையின் தடித்த சதை கைப்பிடியின் மேல் உட்காரும். கட்டைவிரல் தண்டின் நடுவைவிடச் சற்றே வலப்பக்கம் இருக்கும். குனிந்து பார்த்தால் இரண்டரை முதல் மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உண்டாக்கும் கோடு உங்கள் வலத் தோளை நோக்கியிருக்கும்.

வலக்கை பக்கவாட்டிலிருந்து வந்து, உள்ளங்கையின் ஆயுள்ரேகை இடக் கட்டைவிரலை மூடும்படி அமரட்டும். அதன் கோடும் வலத் தோளையே காட்ட வேண்டும். வலக்கை மேலே ஏறி உட்கார்ந்தால் முகம் மறுபடி திறந்துவிடும். சுண்டுவிரலைக் கோர்ப்பதா, மேலே ஏற்றி வைப்பதா, பத்து விரலாலும் பிடிப்பதா என்பது அவரவர் வசதி. ஸ்லைஸுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை.

எவ்வளவு இறுக்கம்? ஒன்றிலிருந்து பத்து வரை அளந்தால் நான்கு, ஐந்து. இறுக்கிப் பிடித்தால் முன்கை விறைத்துக்கொள்ளும், கிளப் சுழலாது. சென்னைப் புழுக்கத்தில் வியர்வையால் கை வழுக்கும், வழுக்கினால் தானாக இறுக்குவோம். பையில் இரண்டு கையுறைகள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காயவிடுங்கள். கைப்பிடி ரப்பரை அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். பளபளவென்று வழவழத்துப்போன ரப்பராக இருந்தால் மாற்றிவிடுங்கள். அது செலவல்ல, சிகிச்சையில் ஒரு பகுதி.

புதிய பிடி முதலில் விகாரமாகத்தான் இருக்கும். வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது கிளப்பைக் கையில் வைத்துப் பிடிப்பதும் விடுவதுமாகப் பத்து நிமிடம் செய்யுங்கள். சில நாட்களில் கை பழகிவிடும்.

படி 2: நிற்கும் விதம்

இரண்டு கிளப்புகளைத் தரையில் தண்டவாளம்போல இணையாக வையுங்கள். ஒன்று பந்துக்கு அப்பால், இலக்கை நோக்கி. மற்றொன்று உங்கள் கால்விரல் நுனிகளையொட்டி. உங்கள் பாதங்கள் இலக்கைப் பார்ப்பதில்லை, இலக்குக்குச் சற்று இடப்பக்கம் இணையாக ஓடும் கோட்டில் நிற்கின்றன. பாதம் சரியாக இருந்தும் தோள் திறந்திருப்பது மிகச் சகஜம். ஒரு கிளப்பைத் தோள்களுக்குக் குறுக்கே மார்பில் அணைத்துப் பிடித்து, அது தரையில் உள்ள கிளப்புக்கு இணையா என்று பாருங்கள்.

பந்து வைக்கும் இடத்தில்தான் திருட்டுத்தனமாகத் தவறு நுழையும். டிரைவருக்கு இடக் குதிகாலின் உட்புறத்துக்கு நேராக, ஏழாம் நம்பர் அயர்னுக்கு நிலையின் நடுவிலிருந்து ஒரு பந்தின் அகலம் முன்னால். இதைவிட முன்னால் தள்ளி வைத்தால், அதை எட்டுவதற்காகத் தோள் திறக்கும். கிளப்பும் தன் வட்டத்தில் இடப்பக்கம் திரும்பிய பிறகே பந்தைத் தொடும்.

டிரைவருக்கு வலத் தோள் இடத் தோளைவிடத் தாழ்ந்திருக்கட்டும். வலக்கை கைப்பிடியில் கீழே இருப்பதால் அது இயல்பாகவே தாழும். அதை நிமிர்த்திச் சமமாக்கினால் தோள் திறந்துவிடும்.

படி 3: பந்தை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைக்கப் பழகுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்கே அதிக நேரம் கொடுங்கள். ஒரு பந்தைக்கூட இடப்பக்கம் வளைக்கத் தெரியாதவருக்கு, முகத்தை மூடுவது எப்படி இருக்கும் என்ற உணர்வே கிடைத்திருக்காது. அந்த உணர்வு வராமல் ஸ்லைஸ் போகாது.

எட்டாம் நம்பர் அல்லது ஏழாம் நம்பர் அயர்ன் போதும். பந்தைத் தாழ்ந்த டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளையில்) வையுங்கள். கைகளை இடுப்பு உயரத்துக்குப் பின்னால் கொண்டுபோய், இடுப்பு உயரத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். அவ்வளவுதான் ஸ்விங். அடித்து முடித்து நிற்கும்போது தண்டு தரைக்கு இணையாக இருக்கும். கிளப் தலையின் நுனி (தண்டுக்கு எதிர்ப்புற முனை) வானத்தைப் பார்க்கிறதா, அல்லது அதைவிடச் சற்று இடப்பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முகமே வானத்தைப் பார்த்தால் நீங்கள் அதைத் திறந்தே பிடித்திருக்கிறீர்கள். பந்தை "நேராக வழிநடத்த" வேண்டும் என்ற பயத்தில் கைகளைச் சுழலவிடாமல் தடுப்பதே இதன் காரணம்.

பந்து இடப்பக்கம் வளைந்து விழும்வரை முன்கைகளைச் சுழற்றிச் சுழற்றி அடியுங்கள். அளவுக்கு மீறி வளையட்டும், கவலை வேண்டாம். மீறியதைக் குறைப்பது எளிது, இல்லாததை உண்டாக்குவதுதான் கடினம்.

அரை ஸ்விங்கில் மூடியும், முழு ஸ்விங்கில் திறந்தே வருகிறதா? ஸ்விங்கின் உச்சியில் இட மணிக்கட்டைப் பாருங்கள். புறங்கை பின்னால் மடங்கி, மணிக்கட்டில் ஒரு குழி விழுந்திருந்தால் முகம் திறந்திருக்கும். புறங்கையும் முன்கையும் ஒரே தளத்தில் தட்டையாக இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலைக் கையுறையின் புறங்கைப் பக்கம் பாதி உள்ளே, பாதி முன்கைமேல் இருக்கும்படி செருகிக்கொண்டு, பந்தில்லாமல் மெதுவாக ஸ்விங் செய்யுங்கள். மணிக்கட்டு பின்னால் மடங்கினால் ஸ்கேல் முன்கையில் அழுத்தும். படத்தில் சரிபார்க்க: உச்சியில் முகம் முன்கைக்கு இணையாகச் சாய்ந்திருந்தால் சரி. கிளப்பின் நுனி நேராகத் தரையைப் பார்த்துத் தொங்கினால் திறந்திருக்கிறது.

படி 4: பாதை

முதல் மூன்று படிகளும் வேலை செய்யத் தொடங்கியதும் ஒன்று நடக்கும். பந்து வளையாமல் நேராக இடப்பக்கம் பறக்கும். பலர் இந்த இடத்தில் பயந்து பழைய பிடிக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். முகம் இப்போது பாதையோடு ஒத்துப்போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். இனி பாதையை மட்டும் திருத்தினால் போதும்.

பாதை இடப்பக்கம் போவது எதனால்? உச்சியிலிருந்து இறங்கும்போது வலத் தோளும் கைகளும் முதலில் பந்தை நோக்கி வெளியே பாய்கின்றன. கிளப் இலக்குக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டுகிறது. பலத்தைத் தோளால் கொடுக்க நினைப்பது ஒரு காரணம். மற்றொன்று, முகம் திறந்திருந்த காலத்தில் பந்து வலப்பக்கம் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, உடல் தானாகவே இடப்பக்கம் இழுக்கக் கற்றுக்கொண்டது. முகத்தைத் திருத்தும் முன் பாதையைத் திருத்தப் போனால் பந்து இன்னும் வலப்பக்கம்தான் கிளம்பும், உடல் மறுபடி இழுக்கும். வரிசையை வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இறங்கும் வரிசையைப் பந்தில்லாமல் பழகுங்கள். உச்சியில் நில்லுங்கள். எடையை இடப்பாதத்துக்கு மாற்றுங்கள். முதுகு இலக்கைப் பார்த்தபடியே இருக்க, கைகளை வலப் பாக்கெட்டை நோக்கி இறக்குங்கள். மறுபடி உச்சிக்குப் போங்கள். இப்படி இரண்டு முறை இறக்கி, மூன்றாவது முறை அடியுங்கள். முதுகை எவ்வளவு நேரம் இலக்கின் பக்கம் வைத்திருக்க முடிகிறதோ அவ்வளவு நல்லது.

அடுத்து ஒரு தடை வையுங்கள். காலி அட்டைப்பெட்டி, டிரைவரின் தலையுறை என்று எதுவானாலும் மெத்தென்றிருக்க வேண்டும். கல், கம்பி வேண்டாம். பந்துக்கு 25 செ.மீ. பின்னால், இலக்குக் கோட்டுக்குச் சற்று வெளிப்புறம் வையுங்கள். தோள் வெளியே பாய்ந்தால் கிளப் அதில் மோதும். முதலில் பாதி வேகத்தில், மோதாமல் வரும்வரை.

இதுவும் பிடிபடவில்லை என்றால் வலப்பாதத்தை 20 செ.மீ. பின்னால் இழுத்து, குதிகாலைத் தூக்கி விரல்நுனியில் ஊன்றி அடித்துப் பாருங்கள். இந்த நிலையில் வலத் தோளால் வெளியே பாய்வது கடினம். கிளப் உள்ளிருந்து வெளியே வருவதன் உணர்வு சில பந்துகளிலேயே கிடைத்துவிடும். உடல் இறுகி, பின்னால் முழுதாகத் திரும்ப முடியாதவர்களும் தோளால்தான் அடிப்பார்கள். அவர்கள் பின்னோக்கிப் போகும்போது இடக் குதிகாலைத் தரையிலிருந்து எழவிடலாம், தவறில்லை.

படி 5: இப்போது டிரைவர்

அயர்னில் நேரானதும் ஐந்தாம் நம்பர் வுட், அதன்பின் டிரைவர். டீயின் உயரம், பந்தின் பாதி டிரைவர் தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரியுமளவு.

டிரைவரில் இன்னொரு காரணமும் சேர்கிறது: முகத்தில் பந்து படும் இடம். தலையின் முகம் சற்றே வளைவானது. பந்து குதிகால் பக்கம், அதாவது தண்டையொட்டிப் பட்டால், அந்த மோதலே வலப்பக்கம் வளைக்கும் சுழற்சியைத் தந்துவிடும். ஸ்விங் சரியாக இருந்தும் ஸ்லைஸ் போகும். பந்தின் பின்புறம் ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு பெரிய புள்ளி வைத்து அடியுங்கள், பட்ட இடம் முகத்தில் பதியும். குதிகால் பக்கம் பதிந்தால், பந்தின் நடுவிலிருந்து 8 செ.மீ. அப்பால் வெளிப்புறம் ஒரு டீயைக் குத்திவைத்து, அதைத் தொடாமல் பந்தை மட்டும் அடிக்கப் பழகுங்கள்.

தலையைத் திருகி மாற்றக்கூடிய டிரைவர் இருந்தால் சாய்வைக் கூட்டி வையுங்கள். பெரும்பாலான மாடல்களில் சாய்வு கூடும்போது முகமும் சற்று மூடும். வளைவு கொஞ்சம் குறையும். ஆனால் ஸ்லைஸுக்காகப் புது டிரைவர் வாங்குவது வீண். அந்தப் பணத்தில் ஒரு நல்ல பயிற்சியாளரிடம் சில வகுப்புகள் போகலாம்.

ரேஞ்சிலும் மைதானத்திலும்

ஐம்பது பந்துக் கூடையில் இருபதை அரை ஸ்விங்குக்கும், இருபதைத் தடை வைத்து அயர்னுக்கும், மீதிப் பத்தை டிரைவருக்கும் ஒதுக்குங்கள். பெரும்பாலோர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். ஒரு பந்துக்கு ஒரே ஒரு எண்ணம் போதும். பிடி, தோள், மணிக்கட்டு மூன்றையும் ஒரே ஸ்விங்கில் நினைத்தால் ஒன்றும் நடக்காது.

சரியாகும்வரை ஆட வேண்டியும் இருக்குமே! முதல் அடி அடிக்கும் இடத்தின் வலக்கோடியில் டீயை ஊன்றி, ஃபேர்வேயின் இடப்பாதியைக் குறிவையுங்கள். வளைவதற்கு இடம் கிடைக்கும். வலப்பக்கம் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்பம் நட்ட குழிகளில் டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு ஹைபிரிட் (வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட மட்டை) எடுங்கள். பந்து எல்லைக்கு வெளியே போயிருக்கலாம் என்று தோன்றினால், தேடப் போகும் முன்பே "ப்ரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்து அடித்துவிடுங்கள். தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். ஆட்கள் இருக்கும் பக்கம் பந்து வளைந்தால் தயங்காமல் "ஃபோர்" என்று எச்சரித்துக் கத்துங்கள்.

எதிர்க்காற்றில் வளைவு பெரிதாகத் தெரியும், அதனால் அன்று எதையும் மாற்றாதீர்கள். அதற்கு மாறாக, ஊட்டி, கொடைக்கானல் மைதானங்கள் 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவை. காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் அதே ஸ்விங்கில் பந்து குறைவாகவே வளையும். மலையில் நேராகப் போனது சமவெளியிலும் நேராகப் போகும் என்று நம்ப வேண்டாம்.

சில வாரங்களில் பந்து இடப்பக்கம் அளவுக்கு மீறி வளையத் தொடங்கினால், கைகள் முகத்தை மூடக் கற்றுவிட்டன என்று பொருள். அப்போது இடக்கையில் தெரியும் முட்டிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறையுங்கள். பாதையை அப்படியே விடுங்கள்.